நான்கு இரவுக்குச் சிங்கப்பூரா, கோலாலம்பூரா, பினாங்கா?

எங்கள் வீட்டு வெளிநாட்டுப் பயணத் திட்டம் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தில் தொடங்கியது. ஔஷதகிரி மலையில் ஹயக்ரீவரைப் பார்க்க 74 படி ஏற வேண்டும். மகனின் பரீட்சைக்காகப் போயிருந்தோம். 68 வயதாகும் அம்மா ஏறும்போது மூன்று இடத்தில் நின்றார், ஆனால் ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் சிரமம் தெரிந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். "ஏறும்போது ஒண்ணும் இல்லடா, இறங்கும்போதுதான் முட்டி பிடிக்குது" என்றார். அன்று சாயங்காலமே என் நோட்டில் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்: 74 படி, மூன்று நிறுத்தம், இறக்கம் கஷ்டம்.

போகிறவர்கள் நான்கு பேர். நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், அம்மா. பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு இரவு கிடைக்கிறது, அதற்கு மேல் இல்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஊர் ஒன்றை அம்மாவும் மகனும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சிங்கப்பூருக்கு வேலை விஷயமாக இரண்டு முறை போயிருக்கிறேன். கோலாலம்பூரையும் பினாங்கையும் ஒரே பயணத்தில் பார்த்தேன். அதனால் இந்த ஒப்பீடு பாதி அனுபவம், பாதி இந்தப் பயணத்துக்காகப் போட்ட கணக்கு. கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பெரியவர்களோடு கிளம்ப நினைக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் போய்ச் சேரும் வழி. கடலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு மணி குறையும். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டுக்கும் திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. திருச்சி நிலையம் சென்னையைவிடச் சிறியது, நடை குறைவு, பெரியவர்களுக்கு அது நிம்மதி. பினாங்குக்கு மட்டும் சென்னைதான். 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் கோலாலம்பூரில் இறங்கி மாற வேண்டியிருந்ததால், நான்கு நாள் பயணத்துக்குப் பினாங்கை யாரும் யோசிக்கவே மாட்டார்கள். இப்போது நான்கு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம்.

விசாவில் மலேசியா நமக்குப் பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அது இலவசம். திரும்பும் டிக்கெட்டும் ஓட்டல் பதிவும் அச்செடுத்துக் கையில் இருக்கட்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். இங்கிருந்து அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முகவர் கூலி தனி. அங்கேயும் இலவச வருகை அட்டை ஒன்று உண்டு. எந்த நாடானாலும் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மகனின் பாஸ்போர்ட் இந்தக் கணக்கில் மாட்டியது. சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான் தருகிறார்கள் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறோம்.

புதுச்சேரி நண்பர்கள் சைகோனைச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் சைகோனுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். இன்றைய ஹோ சி மின் நகரின் நடுவில் அந்தக் காலத்துத் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவில் இருக்கிறது, வியட்நாமியர்கள் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். ஆனால் கோவிலுக்கு வெளியே தமிழ் பேச ஆள் கிடைப்பது அரிது. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அந்த ஊருக்கு நானும் மனைவியும் மட்டும் தனியாக ஒரு முறை போக வேண்டும்.

கோலாலம்பூரைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். டிக்கெட் பெரும்பாலும் இங்குதான் மலிவு, விமானங்களும் அதிகம். மகனுக்கு 88 மாடி இரட்டைக் கோபுரம் பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் பத்துமலை முருகன். 2006-ல் திறந்த அந்தப் பொன்னிற முருகன் சிலை 140 அடி உயரம், கீழே நின்றாலே கண் நிறையப் பார்க்கலாம். ஆனால் குகைக்குப் போக 272 படி. திருவந்திபுரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல், செங்குத்தும் அதிகம், இறங்கி வந்தே ஆக வேண்டும். அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மேலே போவது என்றால் முருகனைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்ததற்கே அர்த்தமில்லை. இன்னொன்று, ஊர் பரந்து கிடக்கிறது. விமான நிலையமே நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். தமிழர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸ் ஒரு மூலை, பத்துமலை ஒரு மூலை. நடுவே அகலமான சாலைகள், மேம்பாலங்கள். ரயில் வசதி நன்றாக இருக்கிறது, ஆனால் நிலையத்திலிருந்து இறங்கிப் போக வேண்டிய நடை நம் கணக்கில் வராத நடை. வாலிபர்களுக்கு நல்ல ஊர். நடக்க முடியாத அம்மாவோடு நான்கு நாளில் பாதி நேரம் வண்டியில்தான் கழியும்.

சிங்கப்பூர் விஷயம் அப்படியில்லை. அதைக் கழிப்பதற்கு எனக்கு மனசே வரவில்லை. தமிழ் அங்கே ஆட்சி மொழி. எம்ஆர்டி ரயிலில் எச்சரிக்கைப் பலகை நான்கு மொழியில் இருக்கும், அதில் ஒன்று தமிழ். அம்மா போன்றவர்களுக்கு ஒரு வெளிநாட்டு ரயிலில் தாமாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கும் சந்தோஷம் வேறு எங்கே கிடைக்கும்? எல்லா நிலையத்திலும் லிஃப்ட், சக்கர நாற்காலிக்கு வழி, நடைபாதைக்குக் கூரை. முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஊர் இந்த மூன்றில் இல்லை, சந்தேகமே வேண்டாம்.

கடலூர்க்காரர்களுக்கு அங்கே ஒரு சொந்தமும் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோவில் 1827-ல் ஓலைக் கூரையும் மரமுமாகத் தொடங்கியது. சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு 1819-ல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தொடங்கி வைத்தார். அதைக் கட்டி வளர்த்தவர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதியிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில் அதுதான், இருப்பது சீனர் பேட்டையின் நடுவில். பக்கத்துச் சந்துக்குப் பகோடா தெரு என்று பெயர் வந்ததே நம் கோபுரத்தை வைத்து. அதே சாலையில் சில எட்டு தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் நடந்தால் புத்தர் பல் கோவில். பத்து நிமிடத்தில் போகக்கூடிய தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும், சீனக் கடலோடிகளின் தியான் ஹாக் கெங் கோவிலும், நம்மவர்கள் 'குச்சுப் பள்ளி' என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கடற்கரை அந்தத் தெரு வரை இருந்தது. உயிரோடு கரையேறியவர்கள் முதல் வேலையாகத் தங்கள் தங்கள் சாமிக்கு நன்றி சொன்ன இடம். அங்கே நின்று கடலைத் தேடினால் கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும், கடல் மண்ணுக்கு அடியில் போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது.

பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர்தான். வளைகுடாத் தோட்டத்தின் (Gardens by the Bay) ராட்சதச் செயற்கை மரங்களில் தினமும் ராத்திரி நடக்கும் ஒளிக்காட்சி இலவசம். சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. மகன் அதன் படத்தைத் தன் மேஜைக்கு மேல் ஒட்டியே வைத்துவிட்டான்.

தடையாக நிற்பது பணம்தான். நான் கணக்குப் போட்ட நாளில் வெள்ளி 70 ரூபாய், மலேசிய ரிங்கிட் 22 ரூபாய். சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் சாதாரண அறையே இரவுக்கு 150 வெள்ளி. எங்களுக்கு இரண்டு அறை வேண்டும், நான்கு இரவுக்கு 1,200 வெள்ளி, அதுவே 84,000 ரூபாய். உணவங்காடியில் சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 வெள்ளி போதும். ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து, விமானக் கட்டணம் போக 1,45,000 ரூபாயைத் தாண்டுகிறது. பினாங்கில் இரண்டு நல்ல அறை ஒரு நாளைக்கு 400 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி. சாப்பாடு, டாக்ஸி, மலை ரயில் எல்லாம் கூட்டினாலும் 75,000-க்குள் அடங்குகிறது. ஏறக்குறையப் பாதி. அந்த மிச்சப் பணத்தில் அம்மாவுக்காக எங்கும் டாக்ஸியில் போகலாம், களைப்பாக இருந்தால் ஒரு நாள் சும்மா இருக்கலாம். சிங்கப்பூரில் ஒரு நாள் சும்மா இருந்தால் மனசு கணக்குப் பார்க்கும். பெரியவர்களோடு போகும்போது இது சின்ன விஷயமில்லை. "என்னால உங்களுக்கு ஒரு நாள் வீணாப்போச்சு" என்று அம்மா ஒரு முறை சொல்லிவிட்டால் மிச்சப் பயணம் முழுவதும் வலியை மறைத்துக்கொண்டு நடப்பார்.

பினாங்குக்கு வருகிறேன். தீவின் தலைநகரம் ஜார்ஜ் டவுன், 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தொடங்கிய ஊர். 2008-ல் யுனெஸ்கோ அதை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பழைய ஊர் முழுவதும் நம் புதுச்சேரியின் தமிழ் வீதிகளையும் பிரெஞ்சு வீதிகளையும் சேர்த்து வைத்த அளவுக்குள் அடங்கிவிடும். அந்த அளவுதான் எனக்கு அதில் பிடித்தது.

மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெரு என்று ஒன்று. பழைய பெயர் பிட் தெரு. வடக்குக் கோடியில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், வெள்ளைத் தூண்களோடு. கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோவில், வாசலில் ஊதுபத்திப் புகை எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். அடுத்து, 1833-ல் கட்டிய மாரியம்மன் கோவிலின் பின்பக்கம். கோபுர வாசல் மறுபக்கம் குயின் தெருவில். அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் கும்பங்கள். நான்கும் அம்மாவின் நடைக்கே கால் மணி நேரத்துக்குள். புதுச்சேரியில் மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு மிஷன் வீதி மாதா கோவில் வரை நடப்பது போலத்தான். போன முறை நான் பள்ளிவாசல் எதிரே நின்றபோது அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அது முடிந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, குயின் தெருப் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. பக்கத்தில் பூக்கடை அம்மா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, மல்லிகையைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அது தினப்படி சத்தம்.

அந்தப் பள்ளிவாசலைத் தொடங்கிய காதர் முகைதீன் நம் பரங்கிப்பேட்டையிலிருந்து போன மரக்காயர். கடலூர் மாவட்டத்தின் ஒரு கடற்கரை ஊரிலிருந்து கப்பலேறி, பினாங்கில் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக ஆனவர். 1801-ல் தொடங்கிய பள்ளிவாசல் இன்று ஒரு தெருவுக்கே பெயர் கொடுக்கிறது. பக்கத்திலேயே சூலியா தெரு. சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அந்த நாட்டில் வழங்கிய பெயர்.

இதைச் சொன்னபோதுதான் அம்மா தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசினார். அவர் பினாங்கில் மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். 'ராஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் போவாராம். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெயர் தெரியாத கிழவர் இருக்க மாட்டார். "ஊருக்கு வரும்போது எனக்குக் கோடாலித் தைலமும் பிஸ்கட் டின்னும் கொண்டாருவாரு. டின் ரொம்ப நாள் இருந்துச்சு, அரிசி வைப்போம்" என்றார். எந்தத் தெரு, எந்தக் கடை என்று அம்மாவுக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. அத்தை இவ்வளவு சொல்லி இதுவரை கேட்டதே இல்லை என்று மனைவி ஆச்சரியப்பட்டாள்.

சாப்பாட்டிலும் பினாங்குதான் எனக்கு முதலிடம். நாசி கண்டார் என்பது நம்மவர்கள் உண்டாக்கிய சாப்பாடு. காவடித் தண்டின் ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் குழம்பு என்று தோளில் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் விற்றார்கள், அந்தத் தண்டுக்குத்தான் மலாயில் கண்டார் என்று பெயர். சூடான சோற்றின் மேல் மீன் குழம்பு, கறிக் குழம்பு, பருப்பு என்று மூன்று நான்கைக் கலந்து ஊற்றுவார்கள். வெள்ளம் வந்த மாதிரி ஊற்று என்று கேட்பதற்கு 'பஞ்சிர்' என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டில் மத்தி மீன் குழம்பை மறுநாள் பழைய சோற்றில் போட்டுப் பிசையும் ருசி தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. வெள்ளிக்கிழமை அம்மா அசைவம் தொட மாட்டார். குயின் தெருவைச் சுற்றி இலை போட்டுச் சைவச் சாப்பாடு போடும் கடைகள் இருக்கின்றன, கவலையில்லை. மகனுக்குச் செண்டோல் என்ற ஐஸ் போட்ட தேங்காய்ப்பால் இனிப்பை நான் முன்பே விவரித்து வைத்திருக்கிறேன்.

முட்டிக்குப் பினாங்கு முழு நிம்மதி தராது என்பதையும் சொல்ல வேண்டும். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை உண்டு, நம் திண்ணையைத் தொடர்ந்து நீட்டியது போல. வெயிலுக்கும் மழைக்கும் அருமை. ஆனால் ஒவ்வொரு கடை முன்னாலும் தரை ஒரு மட்டம், நடுவில் ஒரு படி ஏற்றம், ஒரு படி இறக்கம், சில இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும். சிங்கப்பூரோடு ஒப்பிடவே முடியாது. நான் கண்ட வழி இது: காலை எட்டிலிருந்து பத்து வரை ஒரு தெரு, சாயங்காலம் ஒரு தெரு. இடையில் டாக்ஸி அல்லது பழைய ஊரைச் சுற்றும் 'கேட்' (CAT) என்ற இலவச பஸ். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலைக்கு 1923 முதல் கேபிள் ரயில் ஓடுகிறது, படியே ஏறாமல் மேலே போய்க் கடலையும் ஊரையும் பார்க்கலாம். கெக் லோக் சி புத்தர் கோவிலின் மேல் தளத்துக்கும் சாய்வு லிஃப்ட் உண்டு. தண்ணீர்மலை முருகனுக்கு மட்டும் ஐந்நூறுக்கு மேல் படி. அடிவாரத்தில் உள்ள நகரத்தார் கோவிலிலேயே அம்மா கும்பிட்டுக்கொள்ளட்டும்.

மழையும் பினாங்குப் பக்கமே சாய்கிறது. ஜனவரியில் சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை முழுசாக விட்டிருக்காது. பினாங்குக்கு அதுதான் வறண்ட மாதம். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் புயல் செய்தி கேட்டு ஓய்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நீங்கள் செப்டம்பர், அக்டோபரில் போவதானால் கணக்கு தலைகீழ், பினாங்கில் அப்போதுதான் நல்ல மழை.

மூன்று ஊரையும் ஐந்து நாளில் காட்டுகிறோம் என்று விற்கும் தொகுப்புகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், எல்லையில் இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசை, மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும். என் முதல் மலேசியப் பயணத்தில் இப்படி ஒரு தொகுப்பில் போன சிதம்பரத்துத் தம்பதியைச் சந்தித்தேன். ஊர் பார்த்தோம் என்பதைவிட ஊரைக் கடந்தோம் என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே எங்களுக்குப் பினாங்கு. பணம் ஒரு பொருட்டில்லை என்றால், அல்லது அம்மாவுக்கு இப்போதைய நிலைமையைவிட முட்டி மோசமாக இருந்து சக்கர நாற்காலி தேவைப்பட்டிருந்தால், யோசிக்காமல் சிங்கப்பூர் என்றிருப்பேன். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் மட்டும், டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், கோலாலம்பூரில் இறங்கி ரயிலில் நான்கு மணி நேரத்தில் பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போய், படகில் பினாங்குக்குக் கடந்து இரண்டு ஊரையும் பார்க்கலாம், ஆனால் அதற்கு ஆறு நாள் வேண்டும். மகனிடம் சாங்கி அருவியை ஒன்பதாம் வகுப்பு விடுமுறைக்கு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டான்.

அறை விஷயத்தில் இரண்டு செய்யுங்கள். விமானம் நடுராத்திரிக்கு மேல் கிளம்பிக் காலையில் இறங்கும், அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடும். ஓட்டல் அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான். போன முறை ஓர் ஓட்டலில் ஏழு மணியிலிருந்து வரவேற்பறை சோபாவில் பெட்டியின் மேல் தலை வைத்துத் தூங்கினேன். அம்மாவை அப்படி உட்கார வைக்க முடியாது. அதனால் முந்தின இரவுக்கும் சேர்த்து ஓர் அறைக்கு மட்டும் பணம் கட்டிவிட்டேன், 200 ரிங்கிட். அடுத்தது, பழைய ஊரின் அழகான வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள், மரப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. படத்தைப் பார்த்து மயங்கிப் பதிவு செய்துவிடாதீர்கள். எழுதிக் கேட்டேன், தரைத்தளத்தில் இரண்டு அறை தருவதாகக் குயின் தெருவுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பதில் வந்திருக்கிறது. குளியலறை வாசலில் எத்தனை அங்குல உயரத்துக்குப் படி என்று நேற்று மறுபடி கேட்டிருக்கிறேன்.